உட்கார்ந்து கணக்கிடுவோம்



கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் இயேசு உவமை சொன்னதை லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீடத்துவத்துக்காகச் சொன்ன அந்த அறிவுரை, இறைவன் தந்த உடலைப் பேணுவதற்கும் பொருந்தும்.

மங்கலத்தில் நம் பங்கைச் சேர்ந்த இருவர் அண்மையில் நம்மிடம் வந்தார்கள். அவர்களின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறோம். ஒருவர் பனியன் கம்பெனி டெய்லர், வயது 34. புகைபிடித்ததே இல்லை. மாமா நுரையீரல் புற்றுநோயில் இறந்ததிலிருந்து பயம். ஸ்கேன் எடுக்க வட்டிக்குக் கடன் வாங்கப் போவதாகச் சொன்னார். மற்றவர் விசைத்தறிக்காரர், வயது 61. தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் என்று 30 ஆண்டுகள் பிடித்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் விட்டவர். "விட்டுட்டேனுங்க சாமி. கடவுள் மன்னிச்சுட்டாரு. இனி எதுக்குங்க ஸ்கேன்?" என்றார்.

அஞ்சியவருக்கு ஆபத்து குறைவு, அஞ்சாதவருக்கு அதிகம். எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் கடும் புகைப்பழக்கம் உள்ளவர்கள் சுமார் 53,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஸ்கேனில் 'ஏதோ தெரிகிறது' என்று வந்த 100 முடிவுகளில் 96-க்கும் மேல் புற்றுநோயே அல்ல. அந்த வீண் கலக்கமும், அடுத்தடுத்த பரிசோதனைகளும், செலவும்கூடக் கணக்கில் சேர வேண்டும்.

2013-இல் அதே தகவல்களை, ஒவ்வொருவரின் வயது, புகைத்த அளவு, விட்ட காலம், குடும்ப வரலாறு போன்றவற்றைக் கொண்டு ஆபத்து வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆபத்து மிகுந்த பிரிவில் 161 பேரைச் சோதித்தால் ஒரு சாவு தடுக்கப்பட்டது. மிகக் குறைந்த பிரிவிலோ, ஒரு சாவைத் தடுக்க 5,276 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது இதனால் விளங்குகிறது.

இது அமெரிக்கர்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊர் பீடியும், பழைய காசநோய்த் தழும்பு ஸ்கேனில் கட்டிபோலத் தெரிவதும் இந்தக் கணக்கை மாற்றக்கூடும். எனவே எண்ணை மட்டும் நம்பாமல், நம்மை அறிந்த மருத்துவரோடு அமர்ந்து பேசுவோம்.

டெய்லர் தம்பியிடம், கடன் வேண்டாம், முதலில் மருத்துவரிடம் பேசு என்றோம். ஆனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, புகைக்காதவரும் தாமதிக்கக் கூடாது.

பெரியவரிடம் சொன்னது இது: "மன்னிப்பு உண்மைதான் ஐயா. கடவுள் உங்கள் பாவத்தை நினைப்பதில்லை. நுரையீரல் மட்டும் பழைய புகையை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஸ்கேன் தண்டனை அல்ல." பிறவிக் குருடரைக் கண்டு 'யார் செய்த பாவம்?' என்று கேட்ட சீடர்களை ஆண்டவர் திருத்தினார். நோயுற்றவரை நாமும் அப்படிக் கேட்க வேண்டாம்.

முடிவு அவருடையது. வரும் வாரம் மகளோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறார். அவருக்காகவும், இன்றும் புகையை விட முடியாமல் போராடுகிறவர்களுக்காகவும் செபிப்போம். ஆமென்.