சொன்னால் போனைப் பிடுங்க மாட்டோம்

(நமது சங்கத்தின் புனே கிளையில் நடந்த குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இங்கே பலர் என்னை "கம்ப்யூட்டர் டீச்சர் மாமி" என்றுதான் கூப்பிடுவார்கள். 26 வருஷம் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால்தான் செயலாளர் மாமா குழந்தைகளும் இன்டர்நெட்டும் என்ற தலைப்பில் கால் மணி நேரம் பேசச் சொன்னார். எந்த செட்டிங்கில் எதை மாற்றுவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 2024-ல் நவராத்திரிக்கு முந்தின வாரம் எனக்கு வந்த ஒரு டெலிபோனைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

இரவு பத்தரை மணி இருக்கும். பேசியவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பாட்டி. ஊரும் பேரும் சொல்ல மாட்டேன். பேரன் ஏழாம் வகுப்பு. பூணூல் போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா அம்மா இருவருக்கும் ஐ.டி. வேலை, ஸ்கூல் விட்டு வந்தால் அவனுக்குப் பாட்டிதான். அன்று சாயங்காலம் அவன் மெதுவாக வந்து, "பாட்டி, உன் பென்ஷன்லேர்ந்து ரெண்டாயிரம் ரூபா தருவியா? அப்பாகிட்ட சொல்லாதே" என்றிருக்கிறான். பாட்டி சத்தம் போடவில்லை. "தரேண்டா கண்ணா, எதுக்குன்னு மட்டும் சொல்லு" என்றாராம். அவ்வளவுதான், குழந்தை அழ ஆரம்பித்துவிட்டான்.

விஷயம் இதுதான். ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் ஒரு "அண்ணா" பழக்கமாகியிருக்கிறான். மூன்று வாரம் சேர்ந்து விளையாடி, விளையாட்டுக்குள் போட்டுக்கொள்ளும் உடை, துப்பாக்கி என்று பரிசெல்லாம் கொடுத்திருக்கிறான். பிறகு, இங்கே வேண்டாம், வேறு ஆப்பில் பேசலாம் என்று அழைத்துப் போயிருக்கிறான். அங்கே முதலில் சட்டையில்லாமல் ஒரு போட்டோ கேட்டான், வேடிக்கை மாதிரி. அப்புறம் அதற்கும் மேலே. மறுநாளே, பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் கிளாஸ் பையன்களுக்கெல்லாம் இதை அனுப்புவேன் என்று மிரட்டல். ஐந்து நாள் அந்தப் பிள்ளை இதைத் தனியாக வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய் வந்திருக்கிறான்.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு நானே அவனைக் கேட்டேன். வெட்கமாக இருந்தது என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "சொன்னா போனைப் பிடுங்கிடுவா, மாமி" என்றான். அதற்கு முன்னால் கணக்கில் மார்க் குறைந்ததற்காக ஒரு மாதம் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்தப் பழைய தண்டனைதான் இப்போது அவன் வாயைக் கட்டிப் போட்டிருந்தது. மிரட்டியவனுக்கு வேறு உதவியே தேவைப்படவில்லை.

அன்று ராத்திரி அவன் அப்பாவுக்கு மூன்று காரியம் தோன்றியது. பையனை நாலு சாத்துவது, போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவது, ரெண்டாயிரத்தைக் கொடுத்து விஷயத்தை முடிப்பது. மூன்றுமே தப்பு. பணம் கொடுத்தால் அடுத்த வாரம் ஐயாயிரம் கேட்பான். அழித்துவிட்டால் சாட்சியம் போயிற்று. அவனுடைய பெயர், ஐ.டி., மிரட்டல் வாசகங்கள், பணம் கேட்ட யு.பி.ஐ. முகவரி, இவற்றையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் அவனை பிளாக் செய்யச் சொன்னேன். குழந்தையின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம் என்றேன். குழந்தைகளின் அந்த மாதிரிப் படத்தை யார் அனுப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு பாயும்.

"போலீஸா? குழந்தையை ஸ்டேஷனுக்கு அழைச்சுண்டு போறதா?" என்று தாத்தா நடுங்கிவிட்டார். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை வேறு. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ அவன் விரும்பும் இடத்திலேயோ வாங்க வேண்டும். கூடியவரை பெண் சப் இன்ஸ்பெக்டர் வர வேண்டும், யூனிபாரத்தில் வரக்கூடாது. குழந்தை யார் என்று வெளியே தெரியக்கூடாது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதுதான் குற்றம். மத்திய உள்துறையின் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் விஷயத்துக்குத் தனிப் பகுதியே இருக்கிறது, அதில் பதிவு செய்தோம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930. குழந்தைகளுக்கான உதவிக்கு எந்நேரமும் 1098.

வந்த அதிகாரி சல்வார் கமீஸில் வந்தார். பாட்டி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு முதல் பத்து நிமிஷம் கிரிக்கெட்தான் பேசினார். ஆள் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் எந்த கிளாஸ் பையனுக்கும் இதுவரை எதுவும் வரவில்லை. "டேக் இட் டவுன்" என்று அமெரிக்காவில் ஓர் இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால், படம் நம் போனை விட்டுப் போகாமல் அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கும் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். அதையும் செய்தோம்.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2021-ல் சொன்ன கணக்கு இது. 2 வயதுவரை கூடவே கூடாது, எப்போதாவது உறவினர்களோடு வீடியோ காலில் பேசலாம். 2 முதல் 5 வரை அதிகபட்சம் ஒரு மணி. 5 முதல் 10 வரை இரண்டு மணிக்குள். என் பேத்திக்கு ரெண்டு வயதில் போனைக் காட்டித்தான் நான் இட்லி ஊட்டினேன், அதனால் இதில் உபதேசம் செய்ய எனக்கு யோக்யதை இல்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒன்றே ஒன்று நடக்கிறது. இரவு ஒன்பதரைக்கு எல்லா போனும் ஹாலில் சார்ஜருக்குப் போய்விடும். எல்லா போனும் என்றால் மாமாவுடையதும்தான். முதல் வாரம் மாமாதான் அதிகம் அடம் பிடித்தார்.

பல ஆப்களில் 13 வயதுக்குக் கீழ் கணக்கு கிடையாது. நாமே பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுக்கிறோம். 18 ஆனவன் என்று போட்டுவிட்டால், சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பு ஒன்றும் அவனுக்கு வராது.

பெரியவர்கள் கோபிக்கக்கூடாது, நம் வாட்ஸ்அப் குரூப்பையும் பார்த்தேன். ஆயுஷ்ய ஹோமப் பத்திரிகையில் குழந்தையின் முழுப் பெயர், நட்சத்திரம், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் இருக்கிறது. கொலுப் படத்தில் பேத்தி ஸ்கூல் பேட்ஜோடு நிற்கிறாள். குரூப்பில் 240 பேர். அத்தனை பேரையும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் பையன் வீட்டில் அவன் அப்பா ஒரு காரியம் செய்தார். "எது நடந்தாலும் எங்களிடம் சொல். சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம்" என்று ஒரு தாளில் எழுதி, அவரும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு பிரிட்ஜில் ஒட்டினார். பையன் அதைப் படித்துவிட்டு, பாட்டியின் கையெழுத்தும் வேண்டும் என்றானாம். போட்டார். இப்போதும் அதே விளையாட்டை விளையாடுகிறான், சாட் மட்டும் மூடியிருக்கிறது. போன மாதம் முன்பின் தெரியாத ஒருவன் நண்பனாகச் சேரக் கேட்டபோது, போனைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்து பாட்டியிடம் காட்டினானாம்.

காபி பின்பக்கம் தயாராக இருக்கிறது. சாட்டை எப்படி மூடுவது, பேமிலி லிங்க் எப்படிப் போடுவது என்று பார்க்க விரும்புகிறவர்கள் போனோடு ஜன்னல் பக்கத்து மேஜைக்கு வாருங்கள். பேரன் பேத்தியையும் கூட அழைத்து வாருங்கள். உங்கள் பாஸ்வேர்டு அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.