காதல் பாட்டு போலக் கேட்கும்



திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலையுச்சிப் பாட்டு சங்ககிரி லாரிப் பட்டறை ரேடியோவில் இன்றைக்கு ஒலித்தாலும், வேலை செய்கிற கை ஒரு நிமிஷம் நின்றுதான் நகரும். 'மந்திரி குமாரி' படம், ஜி. ராமநாதன் இசை. கல்யாண வீட்டு மைக்செட்டில் போட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அது, கட்டின பெண்டாட்டியைப் பாறையிலிருந்து தள்ளிவிடக் கூட்டிப் போகிறவனின் பாட்டு. படம் பார்க்காமல் ரேடியோவில் மட்டும் கேட்டவர்கள், அந்தப் பெண்டாட்டி அமுதவல்லி ஏமாந்த மாதிரியே ஏமாந்து போகிறோம்.

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் இது. 1935இல் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் நமக்குப் பக்கத்து ஊர், திருச்செங்கோட்டுக்காரர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் அவரும் சேர்ந்து இயக்கினார்கள். வசனம் மு. கருணாநிதி. ராஜா ராணிப் படம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மனசுக்குள் நடக்கிற திகில் கதை இது.

ராஜகுருவின் மகன் பார்த்திபனுக்கு எதிலும் குறையில்லை. ஆனால் தளபதிப் பதவி வீரமோகனுக்குப் போய்விட்டது. அந்தப் பொறாமையில் பகலில் அரண்மனைப் பிள்ளையாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் வாழ்கிறான். கொள்ளையும் ஒரு கலைதான் என்று அப்பாவிடமே வாதாடுகிறான். எஸ்.ஏ. நடராஜன் இந்த வேடத்தில், வீரமோகனாக வரும் எம்.ஜி.ஆரையே பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்பேன். கதாநாயகன் வாள் வீசுகிறார், நடராஜன் பேசுகிறார். பயம் வருவது பேச்சில்தான்.

மாதுரி தேவியின் அமுதவல்லி இன்னும் சிக்கலானவள். பார்த்திபனிடமிருந்து இளவரசிக்குப் போக வேண்டிய சேதி தவறி மந்திரி மகளான இவளிடம் வந்து சேர்கிறது. தனக்கு வராத அழைப்பை நம்பிப் போய் அவன் மேல் உயிரை வைக்கிறாள். அவன் பிடிபட்டதும் அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மனே பேசுகிற மாதிரிக் குரல் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறாள். அதன் பலனாக நிரபராதி வீரமோகன் நாடு கடத்தப்படுகிறான். பார்த்திபனுக்கு உரியவளாக வேண்டும் என்ற ஏக்கம் இவளையும் வஞ்சகியாக்கிவிட்டது. இந்த இடம் எனக்கு மலையுச்சியைவிடப் பெரியது.

குறையும் உண்டு. அடுக்கு வசனம் சில இடங்களில் மூச்சு விடவே இடம் தருவதில்லை; இளவரசியின் பங்கும் மெலிவு.

கதைக்கு வித்து குண்டலகேசி. அந்தக் காப்பியம் முழுசாகக் கிடைக்காவிட்டாலும் கதை பிழைத்துவிட்டது. சாவதற்கு முன் புருஷனை மூன்று தரம் வலம் வர அனுமதி கேட்டு, பின்னால் வந்து தள்ளுகிற பெண்ணின் கதை. காப்பியத்துப் பெண் பௌத்தத் துறவியாகி வாதம் புரியப் போனாள். கருணாநிதியின் அமுதவல்லி துறவுக்குப் போகவில்லை. நேரே அரசவைக்குப் போய் நடந்ததைச் சொல்கிறாள். அங்கேயே உயிரையும் விடுகிறாள்.