கடல் கடந்து விற்கும்போது கவனிக்க வேண்டியவை

(மஞ்சள் சாகுபடி செய்யும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, ஏலத்துக்குக் கொண்டுபோய், வந்த விலைக்கு விட்டுவிட்டு வீடு திரும்புவதே நம் வழக்கமாக இருந்து வந்தது. இன்று நம் குழுக்களில் சிலர் மஞ்சளைத் தாமே அரைத்துப் பொட்டலமிட்டு, இணையதளம் வழியாக வெளிநாட்டு வீடுகளுக்கு நேரே விற்க முன்வந்துள்ளனர். மஞ்சள் தூளோடு முருங்கை இலைப் பொடியும் இட்லிப் பொடியும் செல்கின்றன. இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் இதில் ஒரு புதிய பொறுப்பும் சேர்ந்து வருகிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஏலத்தில் வாங்குபவர் விரலியை ஒடித்து நிறம் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகே விலை சொல்வார். ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பார்ப்பது ஒரு படமும் நாம் எழுதிய நான்கு வரிகளும் மட்டுமே. ஆகவே, பொருளைக் காணாமல் பணம் கட்டுபவரைக் காப்பாற்ற ஒவ்வொரு நாடும் சட்டம் செய்து வைத்திருக்கிறது.

எந்த நாட்டுச் சட்டம்?

"நான் இருப்பது ஈரோட்டில். எனக்கு நம் நாட்டுச் சட்டம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டுச் சட்டம் உண்டு; அதோடு வாங்குபவர் நாட்டுச் சட்டமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், விற்பவர் ஒரு நாட்டு மக்களைக் குறிவைத்து வணிகம் செய்தால், அந்த நாட்டுச் சட்டம் நுகர்வோருக்குத் தரும் பாதுகாப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் நீக்க முடியாது. அவர்கள் மொழியில் விளம்பரம் செய்வது, அவர்கள் நாணயத்தில் விலை போடுவது போன்றவை குறிவைத்ததற்கு அடையாளங்களாகக் கொள்ளப்படும்.

இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு ஒன்று நல்ல சான்று. அமெரிக்காவில் உள்ள வால்வ் என்ற நிறுவனம் கணினி விளையாட்டுகளை இணையதளத்தில் விற்று வந்தது. விற்றதற்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று அது எழுதி வைத்திருந்தது. தனக்கு அமெரிக்கச் சட்டமே பொருந்தும் என்றும் வாதிட்டது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2016-ல் அதை ஏற்க மறுத்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சிறியவர்களாகிய நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் அல்லவா?

"அரைக் கிலோ மஞ்சள் தூளுக்காக யார் வழக்குப் போட வருவார்?" என்றும் தோன்றலாம். வழக்கு வராமல் போகலாம். ஆனால் வாங்கியவர் தம் வங்கியில் முறையிட்டால், அட்டை மூலம் கட்டிய பணம் நம் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படலாம். விற்பனைத் தளம் நமக்குத் தர வேண்டிய தொகையை நிறுத்தி வைக்கலாம், கணக்கையே மூடிவிடலாம். குழுவின் பல மாத உழைப்பு அதோடு முடங்கிவிடும்.

பணம் வாங்கும் முன் சொல்ல வேண்டியவை

விற்பவர் பெயர், முகவரி, தொடர்புகொள்ளும் வழி, பொருளின் விவரம், எடை, வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்த மொத்த விலை, போய்ச் சேரும் காலம், திருப்பி அனுப்பும் முறை ஆகியவற்றை வாங்குபவர் பணம் கட்டும் முன்பே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

இவற்றில் பலரும் தவறுவது வரியில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல், சிறு சிப்பங்களுக்கும் விற்பனை வரி உண்டு. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கவிலக்கு 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்தப்பட்டது. வாங்கியவர் வீட்டு வாசலில் சிப்பம் வந்து நிற்கும்போது, "இன்னும் இவ்வளவு கட்டுங்கள்" என்று கேட்டால் அவர் மறுத்துவிடுவார். சிப்பமும் போகும், நற்பெயரும் போகும். ஆகவே, வரியை யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பதினான்கு நாள் உரிமை

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், இணையதளத்தில் வாங்கியவர் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். 2011-ல் இயற்றப்பட்ட சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. பிரிட்டனிலும் இதே 14 நாள் உரிமை உண்டு. விரைவில் கெட்டுப்போகும் பண்டங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மஞ்சள் தூள் விரைவில் கெடும் பண்டம் அன்று. சுகாதாரம் கருதி முத்திரையிட்ட பொட்டலத்தை வாங்கியவர் பிரித்துவிட்டால் உரிமை போய்விடும். பிரிக்காத பொட்டலத்தை அவர் திருப்பலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தூளின் விலை 600 ரூபாய், அஞ்சல் செலவு 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் வேண்டாம் என்றால், நாம் திருப்பித் தர வேண்டியது 600 அன்று. சாதாரண அஞ்சல் செலவையும் சேர்த்து 2,000 ரூபாய். அவர் திருப்பி அனுப்பும் செலவை அவரே ஏற்க வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தால் அது அவர் பொறுப்பு. எழுதாமல் விட்டால் அதுவும் நம் தலையில் விழும். இந்த உரிமை இருப்பதையே சொல்லாமல் விட்டால், 14 நாள் கெடு மேலும் 12 மாதம் நீண்டுவிடும். ஒரு வரி எழுதாததற்கு ஓராண்டுத் தண்டனை!

வழியில் பொட்டலம் கிழிந்தாலோ தொலைந்தாலோ, நாம் அமர்த்திய அஞ்சல் நிறுவனம் கொண்டுபோகிற வரையில் நட்டம் நம்முடையதே. வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பொறுப்பு மாறும். ஆகவே உறுதியான இரட்டை உறையும், தேவையானால் காப்பீடும் செய்வது நல்லது.

சொன்ன நாளில் அனுப்புங்கள்

அமெரிக்காவில் ஐரோப்பாவைப் போன்ற 14 நாள் உரிமை, இணையதள விற்பனைக்கு நாடு முழுவதற்கும் பொதுவாக இல்லை. ஆனால் வேறொரு விதி உண்டு. அஞ்சல்வழி வணிகத்துக்காக 1975-ல் வந்த அந்த விதி, இன்று இணையதள விற்பனைக்கும் பொருந்துகிறது. எத்தனை நாளில் அனுப்புவோம் என்று சொன்னோமோ அத்தனை நாளில் அனுப்ப வேண்டும். நாள் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். தாமதமானால் வாங்குபவருக்குத் தெரிவித்து, காத்திருக்கிறாரா, பணத்தைத் திரும்பப் பெறுகிறாரா என்று கேட்க வேண்டும். அறுவடையும் மழையும் நம் கையில் இல்லை. ஆகையால் இருப்பில் உள்ள சரக்குக்கு மட்டுமே விற்பனை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உறையின் மேல் எழுதுவது

சிலருக்குச் சில உணவுகள் ஒவ்வாமையை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே அத்தகைய பொருள்களை உறையில் குறிப்பிடுவது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 வகைகள் உள்ளன. அமெரிக்கப் பட்டியலில் 9 வகைகள். நிலக்கடலையும் கோதுமையும் இரண்டிலும் உண்டு. எள் ஐரோப்பியப் பட்டியலில் முன்பே இருந்தது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் சேர்க்கப்பட்டது. கடுகு ஐரோப்பியப் பட்டியலில் மட்டுமே உள்ளது.

இட்லிப் பொடி அனுப்புவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எள் சேர்ப்பது நமக்குத் தெரியும். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வேளை கோதுமை மாவு கலந்திருக்கும். அதன் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கோதுமை இருந்தால் அதையும் உறையில் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விற்கும்போது இந்த விவரங்களை விற்பனைப் பக்கத்திலும், வாங்குவோருக்கு எளிதில் புரியும் மொழியில் தர வேண்டும். அமெரிக்காவுக்கு நிகர எடையைக் கிராமிலும் அவுன்சிலும் குறிக்க வேண்டும்.

அடுத்து, நோய் பற்றிய சொற்கள். மஞ்சளின் அருமை நம் பாட்டிமார் சொல்லி நாம் அறிந்ததே. ஆயினும் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "புற்றுநோயைத் தடுக்கும்" என்று எழுதினால், அமெரிக்கச் சட்டப்படி அந்தத் தூள் உணவு என்ற நிலை மாறி, அனுமதி பெறாத மருந்தாகக் கருதப்படும். ஐரோப்பாவிலும் உணவைப் பற்றி அவ்வாறு எழுதத் தடை உண்டு. மஞ்சள் தூளை மஞ்சள் தூளாகவே விற்போம்.

சிலர் சுங்கத்தை எண்ணி உறையில் "அன்பளிப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். இது பொய் உறுதிமொழி. உணவுச் சிப்பம் புறப்படும் முன் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டில் செய்து சொந்த அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு விலக்கு உண்டு. விற்ற பொருளுக்கு இல்லை. தூள் அரைத்துப் பொட்டலமிடும் கூடத்தையும் அந்த நிர்வாகத்தில் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் ஒரு முகவரைக் குறிப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

1. நம் நாட்டில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், மஞ்சளுக்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு ஆகியவற்றை முதலில் பெறுங்கள்.

2. "உலகெங்கும் அனுப்புவோம்" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் விதிகளைப் படித்து, அந்த நாட்டுக்கு மட்டும் விற்கத் தொடங்குங்கள்.

3. ஒவ்வொரு அரைப்புக்கும் ஒரு தொகுதி எண் இட்டு, ஒரு சிறு மாதிரியை முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த உழவரின் மஞ்சள், எந்த நாளில் அரைத்தது, யாருக்குப் போனது என்பதைக் குறிப்பேட்டில் பதியுங்கள். புகார் வந்தால் அந்த ஒரு தொகுதியோடு போகும். மொத்தச் சரக்கும் சந்தேகத்துக்குள்ளாகாது.

4. வரும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதற்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள்.

5. உங்கள் பொருளை நீங்களே புகழ்ந்து, வாங்கியவர் எழுதியதுபோல் மதிப்புரை போடாதீர்கள். நம் நாட்டின் 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளும் இதைத் தடை செய்கின்றன.

தனி ஒருவருக்கு இவ்வளவும் பெரும் சுமை. ஆனால் இருபது பேர் சேர்ந்த குழுவுக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை இதற்கென்றே அமர்த்தினால், செய்யக்கூடிய வேலைதான். அதற்கும் இயலாத குழுவினர் அனுபவமுள்ள ஏற்றுமதியாளருக்கு விற்பதே நல்லது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பெருமக்களே, இத்தனை நாட்டுச் சட்டங்களும் கேட்பது அடிப்படையில் ஒன்றைத்தான். உள்ளதை உள்ளபடி முன்பே சொல், சொன்னபடி அனுப்பு, தவறினால் பணத்தைத் திருப்பிக் கொடு. நம் ஊர்ச் சந்தையில் நாணயமான வணிகரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுதானே? அதை எழுத்தில் வைத்துக் கடைப்பிடித்து, கடல் கடந்த சந்தையிலும் நல்ல பெயரும் நல்ல விலையும் பெற வேண்டுகிறேன்.