கார்த்திகைப்பூ



மாரி மழை இறங்கிவிட்டால் வன்னியில் வேலியோரப் பற்றைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கார்த்திகைப்பூ ஏறிக்கொண்டிருக்கும். கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, நாட்போக்கில் முழுச் சிவப்பாகும். எரிகிற சுவாலை மாதிரி அப்படியொரு அழகு!

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள் என்னும் இந்தப் பூதான். மலைக்குரியதென்று பாடப்பட்ட பூ, மலையே இல்லாத வன்னியிலும் தாராளமாகப் பூக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே, தூரத்துச் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

ஆனால் தாய்மாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். கலப்பைபோலக் கவைத்த அதன் கிழங்கு கடும் நஞ்சு. வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலம் கழித்தே தொடங்கும்; யாராவது சாப்பிட்டுவிட்டால் அதுவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நஞ்சின் பெயர் கொல்சிசின். உயிரணு பிரிவதைத் தடுப்பது அதன் வேலை. மிகச் சிறிய அளவில் அதுவே கவுட் என்னும் மூட்டுவாதத்துக்கு மருந்து. அதற்காகத் தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்கென்றே இதைப் பயிரிடுகிறார்கள். விதையில்லா வத்தகப்பழத்தை உருவாக்கவும் கொல்சிசின்தான் உதவியது.