கல்வெட்டில் பெயரில்லாத வாத்தியார்

கேரளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 94 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்வது இது. அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் 73. விடுதலைக்குப் பின் வந்த முதல் கணக்கெடுப்பில், 1951-ல், நாடு 18-ல் தள்ளாடிக்கொண்டிருந்தபோதே இன்றைய கேரளப் பகுதி 47-ஐ எட்டியிருந்தது. அதாவது, மாநிலம் பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் பிறந்துவிட்டது.

பெருமை யாருக்கு என்று கேட்டால்தான் சண்டை. திருவனந்தபுரத்தில் எந்த மேடையிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார். அரண்மனை கொடுத்தது என்பார் ஒருவர். பாதிரிமார் கொடுத்தது என்பார் இன்னொருவர். கொடியைச் சுட்டிக்காட்டி, எங்கள் கட்சி கொடுத்தது என்பார் மூன்றாமவர். மூவர் பேச்சிலும் உண்மை உண்டு. மூவரும் மறக்கிற ஆள் ஒருவர் உண்டு: கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்.

முதலில் அரண்மனை. 1817-ல் திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய்க்குப் பதினைந்து வயதுதான் இருக்கும். குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று அவர் பெயரில் ஓர் ஆணை வெளிவந்தது. அதன் பின்னணியில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோவின் செல்வாக்கு இருந்தது என்பார்கள், இருக்கட்டும். உலகத்துக்கே பாடம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்த இங்கிலாந்து, தன் நாட்டுக் குழந்தைகளுக்கான தொடக்கக் கல்விச் சட்டத்தை 1870-ல்தான் இயற்றியது. இடைவெளி அரை நூற்றாண்டுக்கு மேல்! ஆனால் ஆணை வந்த மறுநாளே பள்ளிகள் முளைத்துவிடவில்லை. "குடிமக்கள்" என்ற சொல்லுக்குள் புலையரும் பறையரும் அன்று அடங்கவும் இல்லை.

சுவாதித் திருநாள் காலத்தில், 1834-ல், தலைநகரில் ஆங்கிலப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அது 1866-ல் கல்லூரியாகி, இன்று பாளையத்தில் யூனிவர்சிட்டி கல்லூரியாக நிற்கிறது. அங்கே தத்துவம் கற்பித்தவர்தான் 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை. தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து, திருவனந்தபுரத்தில் சம்பளம் வாங்கிய ஒரு வாத்தியாரின் பேனாவில் பிறந்தது என்பதை இரண்டு மாநிலங்களும் அவ்வளவாக நினைப்பதில்லை.

பாதிரிமார் கதையும் தமிழ் மண்ணில்தான் தொடங்குகிறது. லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி வைத்தார். அவருக்குப் பின் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் செமினரி நடத்தினார். மார்த்தா மால்ட் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். இவை எல்லாம் அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாடு. கேரளக் கல்வி வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் சில தமிழில் ஓதப்பட்டவை என்று சொன்னால் மிகையாகாது. வடக்கே கோட்டயத்தில் சி.எம்.எஸ். கல்லூரி 1817-லேயே வந்தது. தேவாலயம் தோறும் ஒரு பள்ளிக்கூடம் என்று சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் 1864-ல் கட்டளையிட்டார். அதற்கெல்லாம் முன்பே ஊர் ஊராகக் குடிப்பள்ளிக்கூடங்கள் இருந்தன. மணலில் விரல் பிடித்து எழுதவைத்த ஆசான்கள் இருந்தார்கள். அந்த ஆசான்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இந்தக் கதையின் நடு நாயகர் வெங்ஙானூர்க்காரர்: அய்யங்காளி, 1863-ல் பிறந்தவர். பள்ளி வாசலை மிதிக்க விடாததால் எழுத்தறியாமலே வளர்ந்தவர். தம் புலையர் சமூகத்துக்குத் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் 1893-ல் வில்வண்டி ஓட்டினார். பிறகு தம் மக்களின் பிள்ளைகளுக்கென்று வெங்ஙானூரில் ஒரு பள்ளி கட்டினார். எரித்தார்கள். மறுபடி கட்டினார். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு போட்டது. பள்ளிக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அப்போது அவர் சொன்ன பதில்தான் நெல்வயல் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளை உங்கள் பள்ளியில் ஏறாவிட்டால் எங்கள் கால் உங்கள் வயலில் இறங்காது என்பதுதான் அதன் சாரம். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் உலகெங்கும் உண்டு. குழந்தைக்கு அ, ஆ கேட்டு வயலைத் தரிசாகப் போட்டவர்கள் எத்தனை ஊரில் உண்டு?

ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் கைபிடித்து அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்ததும் கலவரம் மூண்டது. பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சு ஒன்று அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022-ல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யங்காளியின் பெயரையும் பஞ்சமியின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். ஒரு நூற்றாண்டு பிந்தி வந்த சேர்க்கை.

வெங்ஙானூர்ப் பள்ளிக்கு வாத்தியார் கிடைக்காத கதையும் உண்டு. ஆதிக்கச் சாதிப் படிப்பாளிகள் வரமாட்டார்கள். தம் சாதியில் படித்தவர் இல்லை. கடைசியில் திருவனந்தபுரம் கைதமுக்கிலிருந்து ஒரு நாயர் ஆசிரியர் துணிந்து வந்தார். வழியில் கூச்சல், மிரட்டல். காவலோடு வந்து பாடம் நடத்தினார். அய்யங்காளிக்கு வெள்ளையம்பலத்தில் சிலை இருக்கிறது; வேண்டியதுதான். அந்த வாத்தியார் நின்ற இடத்தில் ஒரு பலகையாவது உண்டா? 1937-ல் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்து பி.ஏ.க்களைக் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்று அய்யங்காளி கேட்டார். பொன்னும் நிலமும் கேட்கவில்லை; பத்து பட்டம்! இன்றைக்குப் பட்டத்தைத் தம் பெயருக்கு முன்னால் தாமே ஒட்டிக்கொள்ளும் தலைவர்கள் அந்தச் சிலையைச் சுற்றித்தான் காரில் போகிறார்கள்.

அதே காலத்தில் செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு கோயிலுக்கு அடுத்து பள்ளியை வைத்தார். மருத்துவம் படித்தும் ஈழவர் என்பதால் சொந்த ஊரில் வேலை மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு, மைசூரில் வேலை பார்த்துக்கொண்டே 1896-ல் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை மகாராஜாவுக்கு அனுப்பினார். மனுவில் கையெழுத்துப் போடவே எழுத்து வேண்டியிருந்தது.

பள்ளியை விட்டு வெளியே வந்தவர் படிப்பதற்கு வாசகசாலை வந்தது. தலைநகரில் பொது நூலகம் 1829-லேயே வந்துவிட்டது என்றாலும், சிற்றூருக்கு நூலகத்தைக் கொண்டுபோனவர் பி.என். பணிக்கர். 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி அவர் தொடங்கிய கிரந்தசாலை சங்கம் ஆயிரக்கணக்கில் பெருகி, 1975-ல் யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா விருதைப் பெற்றது. அவர் மறைந்த ஜூன் 19 இன்று வாசிப்பு நாள்.

இனி அரசியல். 1957-ல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி, அவரே வாத்தியார். தனியார் பள்ளி மேலாளர்கள் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கையில் வைத்த காலம் அது. அந்தக் கொள்ளைக்குக் கடிவாளம் போடக் கல்வி மசோதா வந்தது. ஆசிரியருக்கு நேராக அரசுச் சம்பளம், நியமனத்துக்கு அரசுத் தேர்வுப் பட்டியல். மசோதா உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. மேலாளர்கள் பள்ளிகளைத் திறக்க மறுத்தார்கள். 'விமோசன சமரம்' என்ற போராட்டம் மூண்டு, 1959 ஜூலை 31-ல் அமைச்சரவையே கலைக்கப்பட்டது.

அன்று பள்ளிக்குப் பூட்டுப் போட்டவர்களின் வாரிசுகள் இன்று பள்ளி ஆண்டு விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். அது போகட்டும். மசோதா கொண்டுவந்த தரப்பு பிறகு எத்தனை முறை ஆட்சிக்கு வந்தது? நியமன அதிகாரம் மட்டும் மேலாளர் கையைவிட்டு நகரவில்லை. உதவிபெறும் பள்ளிகள் மாநிலத்தில் ஏறத்தாழ ஏழாயிரம். அரசுப் பள்ளிகளைவிட அதிகம். சம்பளம் கொடுப்பது கஜானா, ஆளை எடுப்பது மேலாளர். வேலைக்குக் கைமாறும் 'நன்கொடை' எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். ரசீதுக்கு மட்டும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் கேரளத்தின் எதிரெதிர் அணிகள் காட்டும் ஒற்றுமை நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காது!

எண்பதுகளின் முடிவில் பெரிய அலை வந்தது. 1989-ல் கோட்டயம் நகரம் முழு எழுத்தறிவு பெற்றது. அதே ஆண்டு ஜனவரி 26-ல் எர்ணாகுளம் மாவட்டத்தில் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்தன. தொண்டர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர்; ஊதியம் ஒரு காசில்லை. மீன்பிடித் துறையில், தென்னந்தோப்பில், மாட்டுக் கொட்டிலில் வகுப்பு நடந்தது. வயதானவர்கள் பலருக்குத் தடை அறிவில் இல்லை, கண்ணில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடிகளை ஆயிரக்கணக்கில் திரட்டிக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4-ல் பிரதமர் வி.பி. சிங் வந்து எர்ணாகுளத்தை முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார். 1991 ஏப்ரல் 18-ல், கோழிக்கோடு மானாஞ்சிறையில், மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் முதலமைச்சர் அல்ல. மலப்புறத்தின் காவனூரிலிருந்து வந்த, அந்த இயக்கத்தில்தான் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா.

அந்த அலை மலை தாண்டியும் வந்தது. புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்த சைக்கிள்களை நாடே திரும்பிப் பார்த்தது.

முழு எழுத்தறிவு என்றால் நூற்றுக்கு நூறு அல்ல. குறித்த வயது வரம்புக்குள் 90 விழுக்காட்டைத் தாண்டினால் 'முழு' என்பது அன்றைய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோல். வயதானவர்கள் வரம்புக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பாக்கியைத்தான் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தீர்த்தார்: 96 வயதில் 'அட்சரலட்சம்' தேர்வெழுதி நூற்றுக்கு 98 வாங்கினார்.

பள்ளிகளின் இன்றைய நிலைக்கு இரண்டு முகம். நிதி ஆயோக் 2019-ல் வெளியிட்ட பள்ளிக் கல்வித் தரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் கேரளம் முதலிடம், தமிழ்நாடு அடுத்தது. 2016-க்குப் பிந்தைய 'பொதுக்கல்விப் பாதுகாப்பு யாகம்' என்ற அரசு இயக்கத்தில் 45,000 வகுப்பறைகளுக்குக் கணினியும் ப்ரொஜெக்டரும் வந்தன. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, 2020 ஜூன் 1-லேயே விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' அடித்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99 விழுக்காட்டுக்கு மேல். இங்கேதான் மறுமுகம். ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைக்கும் தன் பெயரைப் பிழையின்றி எழுதத் தெரியவில்லை என்ற பொருளில் கல்வித்துறை உயரதிகாரி ஒருவர் மூடிய அறைக்குள் பேசியது 2023 இறுதியில் வெளியே கசிந்தது. அமைச்சர் மறுத்தார், வாதம் கிளம்பியது. மறு கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் 30 விழுக்காடு குறைந்தபட்ச மதிப்பெண் என்று விதி வந்தது. மறுத்த பேச்சுக்கு எதற்கு மருந்து என்று கேட்டவர்கள் உண்டு.

94-லிருந்து கீழே இறங்கினால் பழங்குடியினரின் எழுத்தறிவு 76-க்குச் சற்றுக் குறைவு. பள்ளி தூரம், பள்ளியின் மொழி வேறு. வயநாட்டில் 2017-ல் தொடங்கிய 'கோத்ரபந்து' அந்தந்தச் சமூகத்திலேயே படித்தவர்களை இருநூறுக்கு மேல் பள்ளிகளில் அமர்த்தியது, நல்ல காரியம். மலைக்குள் இருந்த ஓராசிரியர் பள்ளிகளின் கதி அப்படி இல்லை. அகஸ்தியர் மலை அடிவாரக் காணிக்குடிகளிலும் இடுக்கிக் காடுகளிலும் அவை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தன. ஆறு கடந்து, யானைத்தடம் பார்த்து, நான்கு வகுப்பையும் ஒருவரே நடத்திய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். பலர் பெண்கள். மாதச் சம்பளம் என்று சொல்ல முடியாத மதிப்பூதியம், அதுவும் பல மாதம் பாக்கி. 2022-ல் அந்தப் பள்ளிகளை அரசு மூடியது. ஆசிரியர்களில் பலருக்கு மாற்று வேலை கொடுத்தது: வேறு பள்ளிகளில் துப்புரவுப் பணி. வேலை எதுவும் இழிவில்லை என்று மேடையில் சொல்லிவிடலாம். இருபது ஆண்டு சுண்ணாம்புக்கட்டி பிடித்த கைக்குத் துடைப்பம் எடுத்துக் கொடுத்த கோப்பில் கையெழுத்துப் போட்டவரும் யாரோ ஒரு வாத்தியாரிடம் படித்தவர்தான்.

மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் கணக்கு தனி. மூணாறுத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமும் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. தலைநகரில் 'சாலை' என்ற பகுதியிலும் அரசுத் தமிழ்ப் பள்ளி உண்டு. 2017-ல் வந்த சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடும் வைத்தது. மலையாளம் கற்பதில் தமிழ்ப் பிள்ளைக்கு நட்டமில்லை. நட்டம், தாய்மொழி வகுப்புக்கு அந்த மொழி தெரியாத ஆசிரியர் வந்து நிற்பதில். காசர்கோட்டுக் கன்னடவழிப் பள்ளிகள் இதற்காகவே தெருவுக்கு வந்தன.

புதிதாக எழுத்துக் கற்க வந்திருப்பவர்கள் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். அவர்களுக்கென்று மாநில எழுத்தறிவு அமைப்பான சாட்சரதா மிஷன் 2017-ல் 'சங்ஙாதி' திட்டத்தையும் 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலையும் கொண்டுவந்தது. முகாமுக்கு இரவில் போய் அந்த வகுப்பை நடத்த வேண்டியவர்கள் பஞ்சாயத்து தோறும் இருக்கும் பிரேரக்குகள் என்ற எழுத்தறிவுப் பணியாளர்கள். கார்த்தியாயினி அம்மாக்களைத் தேர்வுக்கு உட்காரவைத்ததும் அவர்கள்தான். உள்ளாட்சித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு சொன்ன பிறகும் மதிப்பூதியம் மாதக்கணக்கில் நின்றுபோய், 2022 முடிவிலிருந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாசலில் அவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கேட்டது சிலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. வேலை செய்த மாதங்களுக்கான சம்பளம்.