கணினி உதவிப்பணியும் நம் பிள்ளைகளும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப்பற்றிப் பேச எழுவோர் வைத்தியப் படிப்பையும் எஞ்சினீயர் படிப்பையும் புகழ்ந்து அமர்வதே நமது கூட்டங்களில் வழக்கமாயிருக்கின்றது. அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் நின்றுவிட்ட பிள்ளைகள் நம் குடும்பங்களிற் பலர் உளர். நமது கல்வி நிதி பட்டப்படிப்புக்கே வழங்கப்படுதலால் அவர்கட்கு அதனால் யாதொரு பயனுமில்லை. அவர்கட்கு ஏற்ற தொழில்களுள் ஒன்றைப்பற்றியே இன்று சில சொல்லக் கருதினோம்.

அலுவலகத்திலோ, வங்கியிலோ, மருத்துவமனையிலோ கணினிகொண்டு வேலை செய்வோர் இடர்ப்படுங்கால், அவர்க்கு வழிகாட்டி, நின்றுபோன வேலையை மீண்டும் நடைபெறச் செய்வதே அத்தொழில். அதனை ஹெல்ப் டெஸ்க் என வழங்குவர். 'இது பழுது பார்க்கும் வேலைதானே' என்று நம்மவருட் சிலர் இகழ்வதுண்டு. அவ்விகழ்ச்சி அறியாமையால் விளைவது. இப்பணியிற் படிகள் உள. முதற்படியினர் முறையீட்டைக் கேட்டுப் பதிந்து, எளியவற்றைத் தாமே தீர்ப்பர். அவர்க்கு அடங்காதவை இரண்டாம் படியினரிடம் செல்லும். அவர்க்கும் அடங்காதவை துறைபோகிய வல்லுநரை அடையும். முதற்படியிற் கருத்தோடு உழைத்தவர் மேற்படிகட்கு ஏறிச் செல்ல இடமுண்டு.

இதற்கு வேண்டும் பயிற்சி மூவகைப்படும்.

முதலாவது கருவியறிவு. ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களிற் 'கோபா' எனப்படும் கணினிப் பிரிவு ஓராண்டுப் பயிற்சியாகும். பத்தாம் வகுப்பில் தேறியோர் சேரலாம். 1993-ஆம் ஆண்டு தோன்றிய காம்ப்டியா ஏ-பிளஸ் என்னும் சான்று இரண்டு தேர்வுகளாற் பெறுவது. கூகிள் நிறுவனத்தாரும் 2018-ஆம் ஆண்டில் இப்பணிக்கென்றே ஒரு பாடத்தொகுதியை இணையவழியே தொடங்கினர்.

இரண்டாவது வினவுந் திறம். இதனைக் கற்பிப்போர் அரியர். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தனர். அவற்றுள், தான் அறியாததைக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று கேட்பது ஐய வினா. தான் அறிந்ததையே பிறரறிவை அளத்தற்குக் கேட்பது அறிவினா. இப்பணியினர் முன்னிரண்டையும் கைக்கொண்டு, பின்னதை அறவே விடல் வேண்டும். பிரிண்டர் அச்சிடவில்லை என்று ஒருவர் முறையிட்டால், 'எப்பொழுது முதல்? தங்களுக்கு மட்டுமா, அறையிலுள்ளார் அனைவர்க்குமா? நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது யாது?' என்று வினவுதல் முறை. அனைவர்க்கும் எனின் குறையைப் பிரிண்டரிலோ வலைப்பின்னலிலோ முதலில் நாடுக. ஒருவர்க்கே எனின் அவர் கணினியில் நாடுக. 'இதுகூடவா தெரியாது?' என்னும் குறிப்புத் தோன்றக் கேட்டால், முறையிட்டவர் நாணித் தாம் செய்ததை மறைப்பர், குறையும் வெளிப்படாது. காரணம் இன்னதெனக் கருதி, ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிச் சோதித்து, வேலை முற்றும் நடைபெறுதலை உரியவரோடு இருந்து கண்ட பின்னரே விடைபெறல் வேண்டும்.

மூன்றாவது எழுதுந் திறம். ஒவ்வொரு முறையீட்டையும் டிக்கெட் என்று எண்ணிட்டுப் பதிவர். 1980-களின் பிற்பகுதியிற் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் தொகுத்த ஐட்டில் என்னும் நெறிமுறை, வேலை தடைப்படுதலை வேறாகவும் அதற்கு மூலமான குறையை வேறாகவும் பிரித்துக் காண்கின்றது. பத்துப்பேர்க்கு நேர்ந்த தடைகளைத் தனித்தனியே நீக்கினும், குறிப்புகள் தெளிவாயிராவிடின் அவற்றின் மூலம் ஒன்றே என்பது புலப்படாது. ஆதலின், தமிழும் ஆங்கிலமும் பிழையற எழுதப் பழக்குதல் இன்றியமையாதது.

இம்மூன்றினும் மேலானது நேர்மை. பிறர் கடிதங்களும் கணக்குகளும் இப்பணியினர் கண்முன் விரியும். பிறர் கடவுச்சொல்லைக் கேளாமையும், கண்டதை வெளியிடாமையும் இவர்க்கு விரதமாதல் வேண்டும்.

கற்பதற்கும் முடிவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவுற்றது. அதனை மட்டும் கற்றிருந்தோர் மீண்டும் கற்க வேண்டியவராயினர். கடவுச்சொல்லைப் புதுப்பித்தல் போன்ற எளிய பணிகளைப் பல இடங்களில் இயந்திரமே செய்துவிடுகின்றது. கலங்கி நிற்பவர் சொல்லைக் கேட்டு, அவர் சொல்லாததையும் உணர்ந்து உதவுதலே மனிதர்க்கு எஞ்சுவது. பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இனி இடம் சுருங்கும். கேட்கவும் எழுதவும் பயின்ற பிள்ளை நிலைத்து நிற்கும் என்பது நமது துணிபு.

ஆகவே சபையோர்க்கு நமது விண்ணப்பம் இது: நமது மாணவர் விடுதியில் ஓர் அறையையும், நம் வணிகர்கள் பயன்படுத்திக் கழித்த பத்துக் கணினிகளையும் அளித்து மாலை வகுப்பொன்று தொடங்குக. கல்வி நிதியில் ஒரு பங்கைத் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்குக. பெண்மக்களையும் ஒப்பச் சேர்க்க. பிற சமூகத்துப் பிள்ளைகட்கும் கதவு திறந்திருப்பதாக. ஞாயிறுதோறும் மாணவர்கள் முதியோர்க்கு உதவுவாராக. 2014-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய டிஜிட்டல் வாழ்நாள் சான்றினைப் பெறத் தடுமாறும் பென்ஷன்காரர் நம்மிடையே பலர். அம்முதியவர்பாற் பொறுமையோடு வினவக் கற்ற பிள்ளை எவ்வலுவலகத்திலும் வினவ வல்லதாகும்.

படிப்பு நின்றதோடு வாழ்வும் நின்றதென்று நம் பிள்ளை ஒருவரேனும் எண்ணுதல் நமக்குப் பெருமையன்று. இதனை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டி, அமர்கின்றோம்.