ஊருக்கெல்லாம் ஒரே சாவியா?



இலக்கிய மேடையில் கண்காணிப்பு கேமரா பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்களாம். கேட்கட்டும்! மக்கள் வாசலில் நடப்பதைப் பேசாத மேடை எனக்கு வேண்டாம்!

2016 அக்டோபர் 21. அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டர் திறக்கவில்லை, நெட்ஃபிளிக்ஸ் ஓடவில்லை. நாம் தட்டும் இணையப் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தை அடித்துச் சாய்த்துவிட்டார்கள். அடித்தது எந்த நாட்டுப் படை? படையே இல்லை ஐயா! சுவரில் தொங்கிய கேமரா! மேசைக்கடியில் கிடந்த, படம் பதியும் டிவிஆர் பெட்டி! வீட்டு ரவுட்டர்!

இந்தக் கருவிகளுக்குள் புகுந்து அவற்றை ஏவிவிட்ட நிரலுக்குப் பெயர் மிராய். உச்சத்தில் அதன் பிடியில் 6 லட்சம் கருவிகள். எழுதியவர்கள் அமெரிக்க இளைஞர்கள் மூவர். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்க்காரர்களின் தொழில் போட்டியில் முளைத்தது அது. நிரலை இணையத்தில் கொட்டிவிட்டார்கள். அப்புறம் எடுத்தவனெல்லாம் அடித்தான். 2017-இல் அந்த மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை, தோழர்களே! மிராயின் கையில் இருந்தது பெயர், கடவுச்சொல் என்று அறுபது சொச்சம் ஜோடி. அட்மின், அட்மின். ரூட், 123456. அவ்வளவுதான்! தொழிற்சாலையில் போட்ட சொல் அப்படியே இருந்தது, உள்ளே போய்விட்டது. ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி செய்து விற்றால் திருடனுக்கு என்ன கஷ்டம்?

எங்கள் பக்கத்தில் கேமரா மாட்டும் ஒரு தம்பி இருக்கிறான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். ஏணியை விட்டு இறங்கியதும் கூலியைக் கேட்க மாட்டான். முதலாளியை உட்காரவைத்து, புதுக் கடவுச்சொல்லை அவர் கையாலேயே போடவைத்துவிட்டுத்தான் கிளம்புவான். கைதட்டுங்கள், அவனுக்குத் தட்டுங்கள்!

அறிவாளிகள் சிலர் சொல்கிறார்கள், ஜனங்களுக்கு விவரம் போதாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! மிராய் புகுந்த சில கருவிகளில், வாங்கியவரே கடவுச்சொல்லை மாற்ற முடியாதபடி உள்ளே பதித்து விற்றிருந்தார்கள். அதற்கும் வாங்கி மாட்டிய கடைக்காரரா பொறுப்பு? கேமரா வழக்கம்போலப் படம் காட்டும். உள்ளே ஆள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். பழைய சொல்லே இருந்தால் சில நிமிடத்தில் திரும்ப நுழைந்துவிடும். என் தம்பிக்குத் தெரிந்த இந்தச் சங்கதி தயாரிப்பாளருக்குத் தெரியாதா?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படி எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதற்குச் சட்டப்படி தடை. தயாரிப்பாளரின் சட்டையைப் பிடிக்கும் சட்டம் அது!

வணிகப் பெருமக்களே, அடுத்த கேமரா வாங்கும்போது விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: கடவுச்சொல்லை நான் மாற்றலாமா, எத்தனை வருடம் அப்டேட் தருவாய்? பதில் வராத பெட்டியை வாங்காதீர்கள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ரவுட்டர், கேமரா இரண்டிலும் சொல்லை மாற்றுங்கள். மாற்றத் தெரியாதவர்கள் மேடைக்குப் பின்னால் வாருங்கள், அந்தத் தம்பி அங்கேதான் நிற்கிறான்.